மைதானத்தில் என்னைத் தூக்க விடாதவர்

பிரியமானவர்களே, சொந்தக் காலில் உங்கள்முன் நிற்கிறேன். என் சாட்சியே அதுதான்.

பாறசாலைக்காரனான நான் பிழைப்புக்குப் பந்து விளையாடியவன். கோல் அடிப்பதுதான் வேலை. எந்த கிளப் கூப்பிட்டாலும் பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். கோவா, கொல்கத்தா, ஷில்லாங் என்று அலைந்தேன். எங்கேயும் ஒரு சீசனுக்குமேல் வைத்துக்கொள்ளவில்லை. போன வருடம் யாருமே கூப்பிடவில்லை. அதனால் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் உள்ளூர்ப் போட்டியில் இறங்கினேன்.

என்னைத் தடுக்க எதிரணி நிறுத்திய ஆள் பூவார் ஷாஜு. தொடக்கத்திலிருந்தே என் கணுக்காலைக் குறிவைத்தான், பாவி.

இடைவேளைக்குப் பிறகு கார்னர் பந்துக்குத் தாவினேன். யாரோ மோதினார்கள். தலைகுப்புற விழுந்தேன். எழும்பப் பார்த்தேன். கால் வரவில்லை. கையும் வரவில்லை. ஐயோ, அந்தப் பயத்தை எப்படிச் சொல்வேன்! வீட்டில் மனைவி ஷீபா மாசமாக இருந்தாள். "ஆண்டவரே, என்னை எழுப்பிவிடும்" என்று உள்ளுக்குள் கதறினேன்.

எங்கள் மைதானங்களில் விழுந்தவனை ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே போடுவதுதான் வழக்கம். ஆட்டம் நிற்கக் கூடாதே! என் அணிக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்றே நினைத்தேன்.

"எலே, தொடாதே!" ஷாஜு அவர்களைத் தள்ளிவிட்டு மண்டியிட்டான். என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"விடுலே, அவனுவ தூக்கட்டு" என்று முனகினேன். விழுந்த பிறகும் விடமாட்டானா என்று ஆத்திரப்பட்டேன்.

"அசையாம, மிண்டாம கிட மக்கா. எங்க அண்ணன இப்பிடித்தான் தூக்கினானுவ. இப்பவும் படுத்த கெடப்பிலயாக்கும்."

அதைக் கேட்டதும் என் பயம் இரட்டிப்பானது. வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

கழுத்து எலும்பு முறிந்திருந்தது. "அங்க வச்சுத் தூக்கியிருந்தா நாங்க ஒண்ணும் செய்திருக்க முடியாது" என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்தும் காலில் உணர்ச்சி வரவில்லை. கண்ணை மூடவே பயந்தேன். ஷீபா தினமும் ஜெபித்துவிட்டு என் பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பாள். ஒரு காலையில், "அறியுதா?" என்றாள்.

"உண்டு. வலிக்கு."

இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

இனி பந்து விளையாட முடியாது. அதற்காக வருந்தவில்லை என்றால் பொய். இப்போது ஷாஜுவும் நானும் போட்டி நடக்கிற இடங்களுக்குப் போய்க் கோட்டருகே நிற்கிறோம். விழுந்தவனைச் சட்டென்று தூக்க யாரையும் விடுவதில்லை.

அன்பானவர்களே, கேட்டது கைக்கு எட்டும் நேரத்தில் யாரோ தட்டிவிட்டதுபோல் இருந்தால் கலங்காதிருங்கள். எழுப்பிவிடும் என்று நான் கெஞ்சினேன். என் தேவன் எனக்கு இரங்கி, என்னைக் கிடக்க வைத்தார்.