அன்னவாசலில் சும்மா இருக்கும் சர்வர்

சென்ற திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் மருத்துவமனையின் நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. நாற்பது நிமிட விவாதத்துக்குப் பிறகு, கண்ணீர் அஞ்சலி பேனரின் அளவு ஆறடிக்கு நாலடி என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. எட்டுக்கு ஆறு வேண்டும் என்று வாதிட்ட இரண்டு உறுப்பினர்களும் நிறுவனத்தின் ஒற்றுமையைக் கருதி விட்டுக்கொடுத்தார்கள். பேனரின் அடியில் ஆம்புலன்ஸ் எண் இடம்பெறலாமா என்ற கேள்வி மட்டும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. இறந்தவர் யார் என்று தெரியாமல் வெளியே நின்ற எங்களில் பலர், பேனர் கடைக்குப் போன துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் கணினிப் பொறுப்பாளர் திருமதி அமலோற்பவம் அவர்கள், குன்றாண்டார்கோவில் பக்கத்திலுள்ள தம் ஊரில், ஞாயிறு காலை மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

பேனரில் "அனைவருடனும் அனுசரித்துப் போன அன்புள்ளம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பதினாறு ஆண்டுகள் அவருக்கு அடுத்த அறையில், ஆவணப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன். அவர் அனுசரித்துப் போனதை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அனுசரித்துப் போயிருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்கும். சில நோயாளிகள் உயிரோடு கிடைத்திருக்க மாட்டார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோட்டையில் இருக்கும் எங்கள் மருத்துவமனையின் ஆய்வகம், ரத்த வங்கி, மருந்தகம், வார்டு எல்லாமே ஒரு லினக்ஸ் சர்வரை நம்பி நடக்கின்றன. அது நின்றால், யாருக்கு எந்த ரத்தம் ஏற்றக் கூடாது என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அவர் இரண்டாவதாக ஒரு சர்வரை, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால், எங்கள் அன்னவாசல் கிளையின் பழைய எக்ஸ்ரே இருட்டறையில் வைத்திருந்தார். முதலாவது செய்கிற ஒவ்வொன்றையும் இது பிரதி எடுத்துக்கொண்டு, மற்றபடி சும்மா இருக்கும். அவர் எங்களுக்கு விட்டுச்சென்றது இந்த ஒன்றைத்தான். அது அங்கே இருக்கப்போகிறதா என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "பேக்கப் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். செயலாளர் பெருமையோடு இரும்பு பீரோவைத் திறந்து ஒரு ஹார்ட் டிஸ்கை எடுத்துக் கொடுத்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் அப்படியே இருந்தன. பதினோரு மாதமாக ஒவ்வொரு மாலையும் திரையில் "முடிந்தது" என்று வந்துகொண்டிருந்தது. அவர் அதை வேறொரு கணினியில் போட்டுத் திறந்தார். நோயாளிகளின் பெயரில் கோப்புகள் எல்லாம் இருந்தன. அவற்றுக்குள்ளே ஒன்றும் இல்லை.

"இத்தன நாளா நம்பிக்கையா எடுத்துக்கிட்டு இருந்தோமேம்மா" என்றார் செயலாளர்.

"திருப்பிப் போட்டுப் பாக்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான் சார். நம்பிக்கைக்கு நான் ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறேன். ஆபீசுக்கு அது வேணாம்."

அன்றிலிருந்து மாதம் ஒரு நாள், எடுத்து வைத்த பிரதியை ஒரு காலிக் கணினியில் முழுதாகத் திருப்பிப் போட்டு, என்னைக் கூப்பிடுவார். "இந்தப் பேஷண்டு ரிப்போர்ட்டு சரியா இருக்கான்னு ஒங்க பேப்பரோட ஒத்துப் பாருங்க." நான் சரி என்றால் போதாது. "நல்லாப் பாத்துதான் சொல்றீங்களா, டீக்குப் போற அவசரத்துல சொல்றீங்களா?" என்பார். இரண்டாவதுதான் பெரும்பாலும் உண்மை. அதனால் மறுபடியும் பார்ப்பேன்.

இரண்டாவது சர்வரை வாங்க அவர் நான்கு ஆண்டுகள் போராடினார். குழுவின் முன் அவரை நிறுத்திக் கேட்டார்கள்.

"அது என்னம்மா வேல செய்யும்?"

"சும்மா இருக்கும் சார்."

"சும்மா இருக்குறதுக்கு எதுக்கும்மா கரண்டு?"

"மாடியில எமர்ஜென்சி வழி இருக்கே, அதுல தெனமும் யாரு சார் போறா? செங்கல் வச்சு அடைச்சுரலாமா?"

எமர்ஜென்சி வழியில் அப்போது பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருந்ததால் இந்த உதாரணம் எடுபடவில்லை. மழையில் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்த பிறகுதான் அனுமதி கிடைத்தது. அதையும் பழைய சர்வருக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார்கள். "ரெண்டையும் ஒண்ணா முக்குறதுக்கா?" என்று கேட்டுவிட்டு, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தாமே அன்னவாசலுக்குப் போனார்.

அங்கே பொறுப்பில் இருந்தவர் கமலம் சிஸ்டர். முதல் நாள் அவர் அந்த இயந்திரத்தின் மேல் தண்ணீர்க் கேனை வைத்துவிட்டார். அமலோற்பவம் மேடம் கோபப்படவில்லை. கேனை இறக்கிவிட்டு, அந்த இயந்திரம் என்ன செய்கிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொன்னார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் யாரும் செருப்போடுகூட நுழைய முடிந்ததில்லை.

இனி ஓர் அப்கிரேடு பற்றிச் சொல்கிறேன். சர்வரின் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நிற்கப்போகிறது, புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். குழு மகிழ்ச்சியோடு ஏற்று, வளர்பிறை முகூர்த்த நாள் ஒன்றில் காலை ஒன்பது மணிக்கு, குத்துவிளக்கோடு விழா என்று முடிவு செய்தது. அவர் மறுத்தார். முகூர்த்த நாளில்தான் எங்களுக்குக் கூட்டம் அதிகம். கல்யாணத்துக்குப் போகிற வேன்கள் மோதிக்கொள்வதும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவதும் அன்றுதான். அவர் குறித்துக் கொடுத்த நேரம் செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணி முதல் நாலரை வரை. அறையில் இருந்த எல்லோரும் சுவர்க் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது ராகு காலம்மா" என்றார் செயலாளர், மெதுவாக. "நீங்க வேதக்காரவங்க, இதெல்லாம் பாக்க மாட்டீங்க."

"நான் தெனமும் பாக்குறேன் சார். அந்த நேரத்துல எவனும் அட்மிஷன் போட மாட்டான், ஆபரேஷனுக்கு நாள் கேக்க மாட்டான், டிஸ்சார்ஜ்கூட ஆக மாட்டான். ஒங்க ராகு குடுக்குற மாதிரி அமைதியான ஒன்றரை மணி நேரத்த எந்தக் கம்பெனியும் எனக்குக் குடுக்கல."

நாலு வாரம் ஒத்திகை பார்த்தார். முதலில் பிரதியின் மேல் அப்கிரேடு செய்து, அது உடைந்த இடங்களை ஒரு நோட்டில் எழுதினார். சரி செய்து மறுபடியும் செய்தார். செவ்வாயன்று மூன்று மணிக்கு, கடைசி வரி வரை அன்னவாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்து, மருத்துவமனை முழுவதையும் அந்த இருட்டறைக்கு மாற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் இங்கிருந்த சர்வரைத் தொட்டார். அப்கிரேடு முடிந்தது. சர்வர் எழுந்தது, ஆனால் நெட்வொர்க்கில் வரவில்லை. புதிய பதிப்பு நெட்வொர்க் கார்டுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. ஒத்திகை பார்த்த இயந்திரத்தில் இருந்த கார்டு வேறு என்பதால் இது முன்பு தெரியவில்லை. நோட்டில் அதையும் எழுதினார்.

சரியாக அந்த நேரத்தில் கீரமங்கலத்திலிருந்து ஒரு கர்ப்பிணியைக் கொண்டு வந்தார்கள். ராகு காலத்தைக் கேட்டுக்கொண்டு பிரசவம் வருவதில்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆய்வகத்தில் இருந்த ரபீக், கர்ப்பிணியின் பெயரைத் தட்டினார். முதல் பிரசவத்தில் ஏற்றிய ரத்தம் ஒத்துக்கொள்ளாமல் போன விவரம் திரையில் வந்தது. அதற்கேற்ற ரத்தத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. தம் திரையில் வந்தது அன்னவாசலிலிருந்து வந்தது என்று ரபீக்குக்குத் தெரியாது. மேடமும் சொல்லவில்லை.

நாலேகாலுக்குச் செயலாளர் வந்தார். "கார்டு பேரத்தானே மாத்தணும்? மாத்திட்டு அப்படியே இங்கிட்டே ஓட விட்ருங்கம்மா. டிரஸ்டி கேப்பாரு."

"ஓடும் சார். நின்னாலும் நிக்கும். நான் பாத்து முடிக்கிற வரைக்கும் இது இங்க சும்மா இருக்கட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"அன்னவாசல்காரன் வேல செய்யிற வரைக்கும் ஒங்களுக்கு என்ன சார் அவசரம்?"

மூன்று நாள் எங்கள் மருத்துவமனை அந்த இருட்டறையிலிருந்து நடந்தது. டாக்டர்கள் உட்பட வார்டில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூன்று நாளும், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய மூன்றாவது பிரதி ஒன்று, மேடத்தின் வயர் கூடையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் குன்றாண்டார்கோவில் பஸ்ஸில் போய் வந்தது. அந்த மாதக் கூட்டக் குறிப்பில் "சர்வர் மேம்பாடு: குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை" என்று எழுதினார்கள். அவர் அதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு நிர்வாகம் கொடுத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அது.

திங்கள் மாலை அடக்கத்துக்கு கமலம் சிஸ்டர் தாமதமாக வந்தார். "மிஷின தனியா விட்டுட்டு வர முடியல. ஆளு மாத்தி ஒக்கார வச்சுட்டு வந்தேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார், அங்கிருந்து பதில் வரும் என்பதுபோல. பிறகுதான் அழுதார்.

புதன்கிழமை குழு மறுபடியும் கூடியது. பல ஆண்டுகளாக எதுவும் நடக்காததால் கணினிப் பொறுப்பாளர் பணியிடம் தேவையற்றது என்று அதை நீக்கியது. அன்னவாசலில் சும்மா இருக்கும் சர்வரை எடுத்து வந்து, வெளிநோயாளிகளுக்கான டோக்கன் பலகைக்குப் பயன்படுத்துவது என்றும் தீர்மானித்தது. வியாழனன்று டிரைவர் முருகேசன் வேனை எடுத்துக்கொண்டு போனார். என்னையும் அனுப்பினார்கள், இயந்திரத்தை அடையாளம் காட்ட.

"சிஸ்டர், அந்தப் பொட்டியத் தூக்கிட்டு வரச் சொன்னாங்க."

"ஃபாரம் குடுங்க."

"என்ன ஃபாரம்?"

கமலம் சிஸ்டர் சுவரைக் காட்டினார். ஒரு நாற்காலி காணாமல் போனதற்காகச் செயலாளர் கொண்டுவந்த விதி அங்கே ஒட்டியிருந்தது. எந்தப் பொருளும் அதற்குரிய பொறுப்பாளரின் கையெழுத்து இல்லாமல் கட்டடத்தை விட்டு வெளியேறக் கூடாது; விதிவிலக்கு யாருக்கும் இல்லை. அதோடு ஒட்டிய பொருள் பட்டியலில் சர்வருக்கு நேரே "கணினிப் பொறுப்பாளர்" என்று மேடம் எழுதியிருந்தார். அதன் கீழே செயலாளரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

"அவங்கதான் இல்லையே சிஸ்டர்."

"அப்ப வேற ஆளப் போடச் சொல்லுங்க. அவரு வந்து கையெழுத்துப் போடட்டும், நானே தூக்கி விடுறேன்."

முருகேசன் செயலாளருக்குப் போன் செய்தார். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை சிஸ்டரிடம் நீட்டினார். சிஸ்டர் வாங்கவில்லை. "கையில ஊசி இருக்கு, அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க" என்றார். அவர் கையில் ஊசி இல்லை. முருகேசன் அதை அப்படியே சொன்னார். அடையாளம் காட்டப் போன நான், எந்த இயந்திரம் என்று மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மேடம், நீங்கள் யாரோடும் அனுசரித்துப் போகவில்லை. அதை ஆறடிக்கு நாலடியில் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளட்டும். நீங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியபடி உங்கள் பிரதியை இந்த மாதமும் திருப்பிப் போட்டு, என் பேப்பரோடு ஒத்துப் பார்த்தேன். டீக்குப் போவதற்கு முன்பே பார்த்தேன். சரியாக இருக்கிறது. போய் வாருங்கள்.

கணினிப் பொறுப்பாளர் பணியிடத்துக்கு நேற்று விளம்பரம் வந்திருக்கிறது.