அம்மாவின் கல்வெட்டும் எதிர்க்கடைச் சந்தாவும்

எங்கள் அம்மாவின் கல்வெட்டை நான் செய்யவில்லை. எதிர்க்கடைக்காரி செய்தாள். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்தவரின் வாழ்க்கை, பிறகு மகன் புலம்பல், மகள் புலம்பல் என்று ஆளுக்கொரு பக்கம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு இறங்கும் தெருவில் இருபது வருடமாக நான் அவற்றைத் தட்டச்சு செய்து, பக்கம் பிரித்து, அச்சடித்துக் கொடுத்து வருகிறேன். இந்த ஊரில் செத்தவர்களில் பாதிப் பேரின் கதை எனக்கு மனப்பாடம்.

ஊர் முழுக்கக் கள்ளச் சீடி ஓடிய காலத்தில், கொழும்புக்கு ரயிலேறிப் போய், அலுவலக மென்பொருளைப் பெட்டியோடு காசு கொடுத்து வாங்கியவன் நான். இரண்டு மாத உழைப்பு போனது. பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த உரிமக் குறியீட்டின் இருபத்தைந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன். அந்தப் பெட்டி இன்றும் கடை அலுமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு அதையும் வைத்துச் சந்தனம் பூசுவேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். என் வளைக்கு நான்தான் சொந்தக்காரன்.

ஐந்து வருடத்துக்கு முன் அன்புவழிபுரத்துப் பெண் ஒருத்தி எதிரே கடை திறந்தாள். எந்த மென்பொருள் வாங்கினாய் என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"வாங்கேல்லை அண்ணை. மாசம் மாசம் சந்தா கட்டுறன்."

"வாடகை வீட்டில ஆணி அடிக்கிறதுக்கும் ஆளைக் கேக்க வேணும், பிள்ளை" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

பிடிக்காமல் போக இன்னும் நிறையக் காரணங்கள் வந்தன. எங்கள் ஊரில் சாவு இங்கே நடக்கும், புலம்பல் கனடாவிலிருந்து வரும். நான் ஒரு பக்கத்தை அச்சடித்து, போனில் படம் பிடித்து அனுப்பி, அவர்கள் சொல்லும் திருத்தத்தைத் தாளில் குறித்து, மறுபடி அடித்து, மறுபடி படம் பிடிப்பேன். கோப்பாகவே அனுப்பினால் என் பழைய எழுத்துரு அங்கே திறக்காது. தேவாரம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அவளோ ஒரு லிங்க் அனுப்புவாள். ரொறன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். முதலில் வெளிநாட்டுக்காரர் அவளிடம் போனார்கள். பிறகு நிலாவெளிக்காரர் போனார்கள். கடைசியில் என் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரனே, தன் தகப்பனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் தெருவைக் கடந்தான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று என்னைப் பற்றி ஊரில் கதைத்திருப்பார்கள்.

டொலர் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவளுடைய வங்கி அட்டை வேலை செய்யவில்லை. சந்தா போகவில்லை. மென்பொருள் பூட்டிக்கொண்டது. கோப்பைத் திறந்து பார்க்கலாம், ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. அவள் தெருவைக் கடந்து வந்தாள்.

"அண்ணை, நாளையிண்டைக்கு ஒரு முப்பத்தொண்டு. உங்கட மெசினை ஒரு மணித்தியாலம் தாங்கோவன்."

"மெசின் பழுது, பிள்ளை" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "சரி அண்ணை" என்று போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு வெட்கம் வரவில்லை. சந்தோசம் வந்தது. நாலு நாள் அவள் கடை பூட்டிக் கிடந்தது, அந்த நாலு நாளும் எனக்குத் தைப்பொங்கல்.

போன வருடம் அம்மா போனார். அக்கா முப்பது வருடமாக ரொறன்ரோவில், அப்போது முழங்கால் அறுவை முடிந்து படுக்கையில். தங்கச்சி லண்டனில், விசாச் சிக்கலில். இரண்டு பேரும் போனில் பார்த்துத்தான் அழுதார்கள். எட்டாம் நாள் அக்கா போன் எடுத்தாள்.

"தம்பி, கோவிக்காத. கல்வெட்டை அந்த எதிர்க்கடைப் பிள்ளையிட்டக் குடுத்திட்டம். நாங்களும் இஞ்ச இருந்து எழுதலாம் எண்டு."

"அப்ப நான் என்னத்துக்கு இருக்கிறன்?"

"நீ பதினொரு வருசம் பாத்தனி. இதையாவது நாங்கள் செய்யிறம். உன்ர புலம்பலுக்கு என்ன எழுத? நீ சொல்லு, நான் அடிக்கிறன்."

"உனக்கு விருப்பமானதை எழுது" என்று போனை வைத்தேன்.

பதினொரு வருடம் என்று அக்கா சொன்னது சரி. அம்மா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து குளிப்பாட்டியது, தூக்கி இருத்தியது, பாணைத் தேநீரில் நனைத்து ஊட்டியது எல்லாம் நான். ஆனால் ஞாயிறு காலை அக்கா வீடியோவில் வருவாள் என்றால், அம்மா சனிக்கிழமையே சேலை எடுத்து வைக்கச் சொல்வார். பவுடர் பூசச் சொல்வார். "என்ர பிள்ளை" என்று போனின் கண்ணாடியைத் தடவுவார். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: "தேத்தண்ணி ஆறிப்போச்சு." அறைக்கு வெளியே கதிரையில் இருந்து அக்காவை நான் எத்தனை ஞாயிறு மனதுக்குள் திட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை.

எனக்கும் லிங்க் வந்தது. திறந்தேன். எழுதும் இடத்தில் துடிக்கும் சிவப்புக் குறி அக்கா, பச்சைக் குறி தங்கச்சி. அம்மா இடியப்பமும் சொதியும் விரும்பிச் சாப்பிடுவார் என்று பச்சை எழுதிக்கொண்டிருந்தது. அம்மா இடியப்பத்தை விட்டு ஆறு வருடம். திருத்தப் போனால் எழுத்து விழவில்லை. எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. மெசின் பழுது என்று நான் சொன்னதற்குப் பழி தீர்க்கிறாள் என்று, செருப்பையும் மாட்டாமல் தெருவைக் கடந்தேன்.

"அக்காதான் அண்ணை அப்பிடிச் செய்யச் சொன்னவ" என்றாள் அவள். "உங்களைத் திருத்த விட்டா நீங்கள் சாப்பிடாமல் இதிலயே இருப்பீங்களாம். கொஞ்சம் ஆறட்டாம்."

ஆறட்டாம்! என் தொழிலையும் வாங்கி, என் அம்மாவையும் வாங்கி, எனக்கு ஓய்வு தருகிறார்கள். திரும்பி வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தேநீரோடு இருந்து மறுபடி திறந்தேன். குற்றம் பிடிக்கத்தான் திறந்தேன். 'மகன் புலம்பல்' என்ற தலைப்பின் கீழ் சிவப்புக் குறி மட்டும் நின்று துடித்தது. 'பத்து மாதம் சுமந்த தாயே' என்று எழுதியது. எல்லாக் கல்வெட்டிலும் வருவது, நானே நூறு தரம் அடித்தது. அதை அழித்தது. பிறகு எழுதியது:

'அம்மா, கடைசித் தண்ணியை என்ர கையால குடிச்சீங்கள்.'

'என்ர' அழிந்தது. 'தம்பியின்ர' வந்தது. குறி நெடுநேரம் அசையவில்லை. பிறகு வேகமாக, பிழைகளோடு வந்தது: 'முப்பது வருசமா நீங்கள் அவனுக்கு மட்டும்தான் அம்மா. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் குரல். அவனில எனக்கு எவ்வளவு பொறாமை எண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா. ஒருநாள் எண்டாலும் நான் உங்களுக்குத் தலை சீவி இழுத்து விட்டிருக்கலாம்.'

நான் தேநீரை வைத்துவிட்டேன். வரிகள் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிந்து போயின. வெறும் பக்கம். அதன் மேல் மறுபடியும் 'பத்து மாதம் சுமந்த தாயே' வந்து நின்றது.

கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டி முடிந்து, வீட்டில் பந்தியில் கல்வெட்டுக் கொடுத்தோம். மகன் புலம்பல் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் என் கையைப் பிடித்தார்கள். ஓம் என்றேன்.

அடுத்த கிழமை அவளுடைய கடைக்குப் போனேன். அழித்ததை இனிப் பார்க்க ஏலாதா என்று கேட்டேன். "அழிச்சது ஒண்டும் போகாது அண்ணை, உள்ளுக்க கிடக்கும்" என்று பழைய நாளின் பக்கத்தை எடுத்துத் தந்துவிட்டு, வேலை இல்லாத போட்டோப் பிரதி மெசினைத் துடைக்கப் போனாள். அக்காவின் வரிகள் பிழைகளோடு அப்படியே இருந்தன. நான் மூன்று தரம் வாசித்தேன்.

"பிரிண்ட் எடுத்துத் தரவோ?"

வேண்டாம் என்றேன். அக்கா அழித்ததை அச்சடிப்பது சரியில்லை. அது இல்லாமல் போவதும் எனக்குச் சரியில்லை. எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டேன்.

"நான் சந்தா கட்டுமட்டும் கிடக்கும், அண்ணை. விட்டா, கொஞ்ச நாளில எல்லாம் போயிடும்."

அவள் கடை பூட்டிக் கிடக்க வேண்டும் என்று கோயிலில் நேர்ந்தவன் நான். இப்போது மாதம் பிறந்தால் தெருவைக் கடந்து, கட்டியாச்சோ என்று கேட்கிறேன். அவளுடைய கடையில் ஆட்கள் நிற்பதைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. எரிந்தாலும் கேட்கிறேன்.

போன மாதம் அவளுடைய அட்டையை வங்கி மறுபடியும் மறுத்தது. ஓடிப்போய் என் அட்டையை எடுத்து வந்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இலக்கத்தை அடித்துக்கொண்டே கேட்டாள்:

"உங்கட மெசின் திருத்தியாச்சோ அண்ணை?"

"அண்டைக்கும் அது பழுதில்லை, பிள்ளை" என்றேன்.