ஓலி வழுக்கி விழாத வீடு

அந்தக் குளிர்காலம் மட்டும் அப்படி அமையாமல் இருந்திருந்தால் ஆர்டிஸ் குவாமி வட அமெரிக்காவின் டுலூத் நகரத்தைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டாள். குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனவள் உறைபனியில் வழுக்கி மல்லாந்து விழுந்தாள். இடுப்பெலும்பில் விரிசல். கத்திப் பார்த்தாள், கேட்பதற்கு அக்கம்பக்கத்தில் யாருமில்லை. சாத்தாமல் வந்த கதவை முட்டித் திறந்துகொண்டு அவளுடைய நாய் ஓலி வந்தான். அவனுக்கே பின்னங்கால் இரண்டும் சரியில்லை. அவள் நெஞ்சோடு ஒட்டிப் படுத்தவன், தபால்காரர் வந்து பார்க்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"இனிமே பனி இல்லாத ஊராப் பாத்துப் போயிடுங்க" என்றார் மருத்துவர். மகள் காரின் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவள் குடியிருந்த அடுக்ககத்தில் நாய்க்கு இடமில்லை.

"ஓலிய யார்கிட்டயாவது விட்டுடலாம்மா. வயசான நாய்தானே."

"அப்ப என்னையும் யார்கிட்டயாவது விட்டுடு. நானும் வயசானவதான்."

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் துணி துவைத்ததற்கு வருகிற ஓய்வூதியத்தில், வெயிலும் வாடகை வீடும் சேர்ந்து கிடைக்கிற ஊர் மெக்சிகோவின் மெரிதாதான் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள். ஆர்டிஸ் நூலக வகுப்பில் ஸ்பானிஷ் படித்தாள். அடுத்த டிசம்பரில், ஓலி கூண்டில் அடைபட்டு விமானத்தின் வயிற்றுக்குள்ளும், மார்ட்டா என்ற பூனை இருக்கைக்கு அடியில் ஒரு பைக்குள்ளுமாக, மூவரும் மெரிதாவில் வந்து இறங்கினார்கள்.

வாடகைக்கு வீடு பிடித்துக்கொடுக்கும் நெல்லி கான்சே, வாய் ஓயாத மெரிதாக்காரி. முதல் நாளே நாயின் பெயரைக் கேட்டுவிட்டு, காளைச் சண்டையில் கூட்டம் கத்துவதுபோல "ஓலே" என்று கையை உயர்த்தினாள். "ஓலி. எங்க பக்கத்துல நார்வேக்காரங்க வைக்கிற பேரு" என்று ஆர்டிஸ் திருத்திப் பார்த்தாள். பலிக்கவில்லை. பூனையின் பெயரைக் கேட்டதும் நெல்லியின் முகம் மாறியது.

"மார்ட்டாவா? எம் மாமியார் பேரு அது. இதாவது சொன்ன பேச்சு கேக்குமா?"

"கேக்காது."

"அப்ப பேரு சரியாத்தான் வச்சிருக்கீங்க."

முதலில் நெல்லி அவளை நகரின் வடக்குப் பக்கம் கூட்டிப் போனாள். சுற்றுச்சுவர், காவலாளி, நீச்சல் குளம், சீவிவிட்ட தலைபோலப் புல்வெளி. ஆர்டிஸ் காரைவிட்டு இறங்கியதும் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். தார்ச்சாலை கொதித்தது.

"வர்றவங்க எல்லாம் தண்ணி வருமா, கரண்டு நிக்குமான்னு கேப்பாங்க. நீங்க என்னம்மா, ரோட்டுக்குக் காய்ச்சலான்னு பாக்கறீங்க?" என்றாள் நெல்லி.

"நான் செருப்பு போட்டிருக்கேன். அவன் போடலியே."

அங்கே இன்னொரு சிக்கலும் இருந்தது. பொது இடத்தில் நாயைக் கையில் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டுமாம். காவலாளி மரியாதையாகத்தான் சொன்னான். "இவனத் தூக்கினா அப்புறம் என்னத் தூக்க ஒரு ஆள் வேணும்" என்று ஆர்டிஸ் திரும்பிவிட்டாள்.

இரண்டாவது, நகர நடுவில் சந்தியாகோ பேட்டையில் ஒரு பழைய வீடு. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரமான கூரை, நடுமுற்றத்தில் எலுமிச்சை மரம், பூ வேலைப்பாடு செய்த பழங்காலத் தரை. டுலூத்தில் இடுப்பு ஆறுவதற்காகப் படுத்துக் கிடந்த மாதங்களில் அவள் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்த வீடு கிட்டத்தட்ட இதுதான். நடந்துபோகிற தூரத்தில் சந்தை. ஆங்கிலம் பேசுகிறவர்களும் அந்தத் தெருவில் இருந்தார்கள்.

ஓலி உள்ளே நாலடி வைத்தான். வழவழப்பான தரையில் பின்னங்கால்கள் இரண்டும் தவளைக்குப்போல இரு பக்கமும் விரிந்துகொண்டன. எழ முயன்றான், மறுபடி சறுக்கினான். பிறகு முயற்சியை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"பாய் விரிச்சுக்கலாம்" என்றாள் நெல்லி.

"எல்லா இடத்துலயும் விரிக்க முடியாது" என்றாள் ஆர்டிஸ். எலுமிச்சை மரத்தை மட்டும் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் காரின் தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். "ஓலிக்கு இன்னும் எத்தனை நாளும்மா? ஒரு வருஷமே அதிகம். அதுக்கப்புறம் அந்த வீட்டுல நீதானே இருக்கணும்? உனக்குப் பாரும்மா."

"எனக்கும்தான் பாக்கறேன். அவன் விழுந்து விழுந்து எழுந்திரிக்கறத தினமும் பாத்துக்கிட்டு எலுமிச்சம்பழம் பறிக்க எனக்கு முடியாது."

மூன்றாவதாகப் பார்த்தது சுபுர்னா. ஒரு காலத்தில் தனி ஊர். இப்போது நகரம் அதை விழுங்கிவிட்டாலும் பெரிய பெரிய கொல்லைகளை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. தெருவில் மதியத்திலும் நிழல் கிடந்தது. வீடு தீப்பெட்டி மாதிரி அழகில்லாத ஒரு வீடு. பூசுகிறவன் பாதியில் விட்டுப்போனதுபோலச் சொரசொரப்பான சிமெண்டுத் தரை. ஓலி அதன்மேல் முன் அறையிலிருந்து பின்வாசல்வரை ஒரு தடவைகூடத் தடுமாறாமல் நடந்துபோய், கொல்லையில் ராமோன் என்கிற அடர்ந்த நிழல்மரத்தின் அடியில் படுத்துக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வில்பெர்த் பூட், ஊர் மரியாதையாக அழைக்கும் 'தொன் வில்பெர்த்', பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். நாயைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நாய்னா வேண்டாம் நெல்லி. உங்கிட்ட சொல்லியிருக்கேன்ல?"

"வயசானது தொன் வில்பெர்த். குலைக்கக்கூடச் சோம்பேறி."

"குலைக்கறதுக்காகச் சொல்லல." அவர் ஆர்டிஸைப் பார்த்து மெதுவாகப் பேசினார், அவளுக்குப் புரியவேண்டும் என்பதற்காக. "வர்றப்ப நாயோட வர்றீங்க சென்யோரா. போறப்ப நாய் இல்லாமப் போறீங்க. இதுக்கு முன்னால இருந்தவர் இந்த மரத்துலயே கட்டிப் போட்டுட்டு விமானம் ஏறிட்டார். ராத்திரியெல்லாம் அழுதுது. அவுத்து விட்டப்ப கழுத்துல கயிறு அறுத்திருந்துது. எம் பொண்டாட்டி ஒரு வாரம் சாப்பிடல."

ஆர்டிஸ், தான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லவில்லை. முன்பு குடியிருந்தவரும் முதலில் அப்படித்தானே சொல்லியிருப்பார்?

"சரிங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடறோம். உடனே எழுப்பினா இவனால நடக்க முடியாது."

அவள் ஓலியின் பக்கத்தில் வேரின்மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வில்பெர்த் ஒரு சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்; நாய்க்கு மட்டும். அவருக்குப் பின்னாலேயே பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை நாய் வந்தது. கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத தடம் இருந்தது. ஓலியை முகர்ந்து பார்த்துவிட்டு எட்டத்தில் படுத்தது. கிளம்பும் நேரம் வந்ததும் ஆர்டிஸ் தோள்துண்டை ஓலியின் வயிற்றுக்கடியில் விட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து அவனுடைய பின்பாகத்தைத் தூக்கி நிறுத்தினாள். தன் இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டாள். நாய் நிற்கிறவரை அவள் நிமிரவில்லை.

வில்பெர்த் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவன் செத்துட்டா ஊருக்குப் போயிடுவீங்களா?"

"தெரியல."

"நீங்க முந்திக்கிட்டா?"

நெல்லிக்கு இருமல் வந்துவிட்டது. ஆர்டிஸ் அமைதியாகச் சொன்னாள்: "பூனைய நெல்லி எடுத்துப்பா."

"நானா? எங்கிட்ட யாரு கேட்டா?"

"இப்பக் கேக்கறேன்."

நெல்லி வானத்தைப் பார்த்தாள். "எனக்குன்னு ரெண்டு மார்ட்டா. சரி, எழுதியிருக்கு போல."

"நாய?" என்றார் வில்பெர்த் விடாமல்.

"அவன் எனக்கு முன்னால போகணும். அதுவரைக்கும் நான் இருக்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

வில்பெர்த் தன் வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் சாவி இருந்தது. "பின்பக்கத் தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் இறுகும். தூக்கிப் பிடிச்சுத் தள்ளணும்" என்றார்.

அந்த வீட்டில் ஓலி, எல்லாரும் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தான். விடியற்காலை சூடு ஏறுமுன் ஆர்டிஸும் அவனும் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருவார்கள். இருவரும் ஒரே மாதிரி விந்தி விந்தி நடப்பதைப் பார்த்துத் தெருவில் சிரிப்பார்கள்; சிரித்தவர்களே நாற்காலியும் எடுத்துப் போடுவார்கள். தேவாலயத் திருவிழாவுக்கு வாணங்கள் வெடித்தபோதும், வயதில் காது மங்கியிருந்த ஓலி தூங்கினான். மார்ட்டாதான் காணாமல் போனாள். தெருவே தேடியது. கடைசியில் வில்பெர்த்தின் மனைவி லிகியா துணி எடுக்க அலமாரியைத் திறந்தால், அவளுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின்மேல் உட்கார்ந்திருந்தது பூனை. "நல்ல துணி எதுன்னு தெரிஞ்சிருக்கு" என்று லிகியா அதைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அதிலிருந்துதான் இரண்டு பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். ஓலி சாப்பாட்டை ஒதுக்கிய நாட்களில், மசாலா போடாமல் வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்துக் கொண்டுவந்து, தன் கையாலேயே ஊட்டிவிட்டுப் போவாள் லிகியா.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஒரு மதியம், ராமோன் மரத்தடியில் ஆர்டிஸின் காலில் தலை வைத்தபடியே ஓலி போய்ச் சேர்ந்தான். அந்த ஊரில் மண் என்பது பேருக்குத்தான். ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. வில்பெர்த் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து, பொழுது சாயும்வரை பாறையை உடைத்தார். நடுவில் ஆர்டிஸ் போதும் என்றாள். "ஆழம் பத்தாது" என்று மட்டும் சொன்னார். லிகியா ஒரு பழைய போர்வையைக் கொடுத்தாள். சலவைக்கூடத்துப் பழக்கத்தில் ஆர்டிஸ் அதை ஓரம் ஓரமாகச் சேர்த்து மடித்து, அவனைச் சுற்றினாள்.

சில வாரங்கள் கழித்து நெல்லி வந்தாள். சந்தியாகோ வீடு மறுபடி காலியாகியிருந்தது. "இனி தரையப் பத்திக் கவலையில்லையேம்மா. அந்த வீடு உங்க மனசுல இருக்குன்னு எனக்குத் தெரியும்." ஆர்டிஸ் போய்ப் பார்த்தாள். எலுமிச்சை காய்த்திருந்தது. எல்லா அறையிலும் நடந்தாள். சன்னல்களைத் திறந்து மூடினாள். இன்னமும் அழகான வீடுதான். வாசலில் நின்று நெல்லியிடம், "இன்னைக்கு லிகியா பண்டிகைக்குச் சோளமாவு பிசையறா. ரெண்டு கை பத்தாதாம். என்னக் கொண்டு விட்டுடறியா?" என்றாள். நெல்லி காரைத் திருப்பினாள்.

ஒப்பந்தம் முடிந்த அன்று வில்பெர்த் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இந்தத் தடவையும் ஒரு வருஷம்தானே?"

"அஞ்சுன்னு போடுங்க."

"அஞ்சா? அதுவரைக்கும் நானே இருப்பேனோ என்னவோ."

"அப்ப வாடகைய லிகியாகிட்ட குடுத்துக்கறேன்."

"குடுங்க, குடுங்க" என்று ஆர்டிஸின் சமையலறைக்குள்ளிருந்து லிகியா சத்தம் போட்டாள். "இவரு கையில குடுத்தா ஒரு மாசமாவது என் கண்ணுல காட்டறாரா?"

வில்பெர்த் பேனாவைத் தேடுவதுபோல எல்லாப் பைகளையும் தடவினார். ஆர்டிஸ் அவருக்கும் சேர்த்துக் காப்பி ஊற்றினாள்.