சின்ன ஆர், பெரிய ஆர்

முகநூலில் நான் எழுதிய முதல் வரியிலேயே தப்பு இருந்தது. பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, ‘அனைத்து நல் உல்லங்களுக்கும்’ என்று போட்டிருந்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் சித்தி மகன் கீழே வந்து, “உல்லமா? அது கிலோ என்ன விலை?” என்று கேட்டான். என் வரிக்கு மூன்று லைக் விழுந்திருந்தது. அவன் கேள்விக்குப் பதினேழு.

அது 2013. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். பிளஸ் டூ முடித்த கையோடு கிளம்பி வந்து, மண்ணூரில் ஒரு மாடி அறையில் மூன்று பெண்களோடு தங்கியிருந்தேன். பன்னிரண்டு வருஷம் தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு உள்ளம் எழுதத் தெரியவில்லை என்று ஊரே சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. இனிமேல் ஒருவரும் என் எழுத்தில் குறை கண்டுபிடிக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் பள்ளிப் பிள்ளைகள் வாங்குகிற சின்ன அகராதி ஒன்று வாங்கினேன். கம்பெனி பஸ்ஸில் போக வர ஒன்றரை மணி நேரம் ஆகும். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் அகராதியைப் புரட்டுவேன். எங்கள் ஊர்ப் பேச்சில் ழ கிடையாது, எல்லாமே ள-தான். அதனால் காதை நம்பிப் பயனில்லை, ஒவ்வொரு சொல்லையும் கண்ணால்தான் பிடித்துவைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். ற் வந்தால் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது என்று தெரிந்த நாளில் ‘முயற்ச்சி’யும் ‘அதற்க்கு’ம் என்னைவிட்டு ஒழிந்தன. புதிதாகச் சேர்பவர்கள் கையில் கட்டிக்கொள்ளக் கம்பெனி கொடுத்த பச்சைப் பட்டையில் ‘பயிற்ச்சி’ என்றுதான் அச்சடித்திருந்தது. நானும் அதை மூன்று மாதம் கட்டிக்கொண்டு திரிந்தவள்தான். அப்போது கண்ணில் படவில்லை.

ஒரு வருஷத்துக்குள் என் எழுத்தில் தப்பு அநேகமாக நின்றுபோனது. அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றவர்கள் எழுதியதில் கண் போக ஆரம்பித்தது. யாராவது ‘வாழ்த்துக்கள்’ என்று போட்டால் கீழே போய் ‘வாழ்த்துகள்’ என்று எழுதுவேன். ‘சுவற்றில்’ என்று எழுதினால் ‘சுவரில்’ என்பேன். லைனில் இருந்தவர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

லைனில் எனக்கு முன் ஸ்டேஷனில் ஒரு அக்கா இருந்தார். அவர் ஸ்க்ரூ முடுக்கித் தள்ளும் பெட்டியை நான் விளக்குக்கு அடியில் வைத்து, கீறல் இருக்கிறதா, ஸ்க்ரூ விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மண்ணூரை அடுத்த கிராமத்தில் பிறந்து, பக்கத்துத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். அவருடைய அப்பாவின் கையைவிட்டுப் போன நிலத்தில் இப்போது ஒரு லாரி நிறுத்தம் இருந்தது. எங்கள் பஸ் தினமும் அதைத் தாண்டித்தான் போகும். தம்பி புதுப் போன் வாங்கியபோது பழைய போன் அக்காவுக்கு வந்தது. அதில் அவர் தமிழில் எழுத ஆரம்பித்தார். ஏரியில் தண்ணீர் ஏறியது, கேன்டீன் சாம்பார், பஸ்ஸில் ஒருத்தி தூங்கி விழுந்தது என்று நாளுக்கு நாலு வரி. வரிக்கு இரண்டு தப்பு இருக்கும். நான் திருத்துவேன். “சரிங்க டீச்சர்” என்று கும்பிடு போடுகிற படத்தை அனுப்பிவிட்டு, மறுநாள் அதே தப்பைச் செய்வார்.

2015-இல் ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக சூப்பர்வைசர் சொன்னார். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகும்போது பஸ்ஸில் போனைத் திறந்தால், முந்தைய நாள் சாயங்காலம் அக்கா எழுதியது இருந்தது:

“எங்க அப்பா இரந்துட்டாரு. நாளைக்கு மூனு மணிக்கு எடுக்கறோம். தெரிஞ்சவங்க வாங்க.”

ஆழ்ந்த இரங்கல் அக்கா என்று எழுதினேன். பின்சீட்டில் யாரோ ஒருத்தி அக்காவின் வரியைச் சத்தமாகப் படித்தாள். எனக்கு அந்த ‘இரந்து’ கண்ணை உறுத்தியது. கம்பெனி வாசல் வருவதற்குள் இன்னொன்றும் எழுதிவிட்டேன். “அக்கா, ‘இரந்து’ இல்லை, ‘இறந்து’ என்று வர வேண்டும். இரந்து என்றால் பிச்சை எடுத்து என்று பொருள். மாற்றிவிடுங்கள்.”

நாலு பேர் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவது நல்லதுதானே என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் இருந்த நாற்பது பேரில் ‘இரங்கல்’, ‘இறப்பு’ இரண்டையும் சரியாக எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையும் அதில் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

உள்ளே போனைக் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தேன். அக்காவின் வரிக்குக் கீழே அறுபது எழுபது பேர் எழுதியிருந்தார்கள். ஒருவன் ‘அப்பா பிச்சை எடுக்கப் போனாரா’ என்று கேட்டு, ஹா ஹா என்று சிரித்திருந்தான். இன்னொருவன் அவனைத் திட்டியிருந்தான். மூன்றாவது ஒருவன் தமிழை யார் அழித்தது என்று பேசிக்கொண்டிருந்தான். செத்துப்போன மனிதரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் எழுதியதை அழித்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் எழுதியதெல்லாம் அப்படியே நின்றது.

லைனிலிருந்து நாங்கள் ஐந்து பேர் மாலை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனோம். போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போய்த்தான் ஆக வேண்டும் என்று போனேன். பந்தல் வாசலிலேயே அக்காவின் தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். நான் அழித்தது அவன் திரையில் இன்னும் அப்படியே இருந்தது.

“கம்பெனிலேர்ந்து வரீங்களா? இத்த எய்துனது யாரு?”

மற்ற நால்வரும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றேன்.

“எங்கப்பா ஒர்த்தர் வூட்டு வாசல்ல போய் நின்னவரு இல்ல. நெலம் போச்சி, அப்பகூட யார்கிட்டயும் கை நீட்டல. அவரப் போய் பிச்சைன்னு...” போனை என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

உள்ளேயிருந்து அக்கா எழுந்து வந்தார். தலை கலைந்திருந்தது. தம்பியை ஒதுக்கிவிட்டு என் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார். “இப்ப ஒன்னும் வாணாம். நாங்க போட்டுக்கறோம், நீ கெளம்பு” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். அடுத்தடுத்த ஸ்டேஷன். பெட்டியைத் தள்ளுவார், நான் வாங்குவேன். “ஸ்க்ரூ லூசு” என்றால் திருப்பி வாங்கி முடுக்குவார். அதைத் தவிர ஒரு பேச்சு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வேறு மேஜைக்குப் போய்விடுவார். பத்து நாள் இப்படிப் போனது. பதினோராம் நாள், செருப்பு மாற்றும் அறையில் அவரை மறித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, நான் செஞ்சது தப்பு. என்னைய மன்னிச்சிருங்க.”

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாக ஷூ லேஸை அவிழ்த்தார்.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லலியே. எய்துனது தப்புதான். ஆனா உன்கிட்ட என் நம்பர் இல்ல?”

“இருக்குக்கா.”

“ஒரு போன் போட்டு, அக்கா, இந்த மாதிரி கீது, மாத்துன்னு சொல்லிகீலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்க்கா.”

“ஆஸ்பத்திரில ஒரு கையில அம்மாவப் புட்ச்சினு, ஒரு கையில அத்த அடிச்சேன். இங்கிலீஷ்ல அடிச்சா தமிழ் வருது. ஆர் அடிச்சேன், அந்த ர வந்துச்சி. இன்னொரு ற இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நானும் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். அது போன்ல எங்க கீதுன்னுதான் தெர்ல. ஒரு வருசமா என்னத் திருத்தினு கீறியே, என்னிக்காவது பக்கத்துல குந்தி, இங்க கீதுக்கான்னு காட்டுனியா?”

அந்த விசைப்பலகையில் சின்ன ஆர் அடித்தால் ர வரும், பெரிய ஆர் அடித்தால் ற வரும். எல் சின்னது என்றால் ல, பெரியது என்றால் ள. இது எனக்கு முதல் மாதமே தெரியும். ஒருவருக்கும் சொன்னதில்லை. தப்பு என்று சொல்லத்தான் எனக்குத் தோன்றியதே தவிர, வழி சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “போனைக் குடுங்கக்கா, காட்டுறேன்” என்றேன். தரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நாளும் உட்கார்ந்தேன், அதற்கடுத்த நாளும். விடுவதில்லை என்று இருந்தேன். நாலாம் நாள் போனை மடியில் போட்டார். “காட்டு. நீ அடிக்காத, நான்தான் அடிப்பேன்.”

மேல்நோக்கிய அம்பை முதலில் தொட்டுவிட்டு எழுத்தைத் தொட்டால் பெரிய எழுத்து வரும் என்று காட்டினேன். ‘கரை’ அடித்தார், பிறகு ‘கறை’ அடித்தார். ‘அரை’, ‘அறை’ அடித்துவிட்டு, “அட, இவ்ளோதானா” என்றார். ழ-வுக்கு இசட்டும் எச்சும் சேர்த்து அடிக்க வேண்டும் என்றதும் ‘வாழைப்பழம்’ அடித்து, சத்தமாக “வாயப்பயம்” என்று படித்து, அப்பா போன பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

முன்சீட்டில் இருந்தவள் எட்டிப் பார்த்து, “எனக்கும் காட்டுடி” என்றாள். அந்த வாரமே நான் இன்னொரு முடிவுக்கு வந்தேன். திருத்தியதால் யாரையெல்லாம் கூசவைத்தேனோ, அவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து காட்டிவிடுவது. சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் “போ டீச்சர், தூங்கணும்” என்று துரத்தினார்கள். ஆங்கில எழுத்திலேயே தமிழ் எழுதுவது போதும் என்று ஒருத்தி பிடிவாதமாக இருந்தாள். ஒருநாள் பஸ் குரூப்பில் அவள் ‘பஸ் வருது’ என்பதை ‘bus varathu’ என்று அடித்துப் போட்டதை, பாதிப் பேர் ‘வராது’ என்று படித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார்கள். மறுநாள் அவளே என் சீட்டுக்கு வந்தாள்.

அக்காவின் அந்த வரி மட்டும் முகநூலில் அப்படியே இருந்தது. “மாத்திறலாமாக்கா?” என்று ஒருமுறை கேட்டேன். “அதுல நீ கை வெக்காத. என்னிக்கி மாத்தணுமோ, நானே மாத்திக்கறேன்” என்றார். ஒன்றரை மாதம் கழித்து, லாரி நிறுத்தம் தாண்டும்போது போனை எடுத்தார். அந்த வரியைத் திறந்து, ‘ர’-வை அழித்து, அம்பைத் தொட்டு, பெரிய ஆர் அடித்தார். ‘மூனு’வையும் ‘மூணு’ ஆக்கினார். அது எனக்கே அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பைக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி எழுதத் தொடங்கினார். நாலு வரி இல்லை, நீளமாக. தினமும் பஸ்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரம் அடித்தார். சந்தேகம் வந்தால் ஒரு சொல்லை மட்டும் கேட்பார். “எரிச்சலுக்கு எந்த ரி?” “சின்னதுக்கா.” முழுவதையும் என்னிடம் காட்டவில்லை. முடித்த பிறகுதான் நீட்டினார். அப்பா ஏரிக்கரையில் வலை காயப்போடுவது, சம்பளம் வாங்கிய மகளிடம் வெற்றிலைக்குக்கூடக் கேட்க மாட்டேன் என்று சண்டை போட்டது, எல்லாம் இருந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். எழுத்துத் தப்பு ஒன்றுகூட இல்லை. பழக்கதோஷத்தில் என் விரல் ஓர் இடத்தில் நின்றது.

“இன்னா?”

“இங்க ‘வூடு’ன்னு இருக்குக்கா. வீடுன்னு...”

“அது தப்பு இல்ல. எங்கப்பா வூடுன்னுதான் சொல்வாரு. நீ ஊர்லேர்ந்து உங்கம்மா பேசுனா ‘வந்தாக, போனாக’ன்னு பேசற, அத்த யாராவது திருத்துனா உடுவியா?”

விடமாட்டேன். விரலை எடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அதை முகநூலில் போட்டார். மறுநாள் காலைக்குள் ஊர்க்காரர்கள், லைன்காரர்கள் என்று நிறையப் பேர் அப்பாவைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததை எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் இரண்டு பேரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தோம். அதில் தம்பியும் எழுதியிருந்தான். “படிச்சிட்டு சிறிச்சேன் அக்கா, அப்பறம் அழுதுட்டேன்.”

நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அந்தச் ‘சிறிச்சேன்’ஐப் பார்த்தார்.

“பெரிய ஆர் போட்டுட்டான்” என்றார். “இருக்கட்டும். வூட்டுக்குப் போய் நான் சொல்லிக்கறேன்.”