சூப்பர்வைசர் கழுத்தில் சிவப்பு அட்டை

போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்தில் தங்கை தேவகி வீட்டுக்குப் போயிருந்தேன். சுவர் ஆணியில் அவளுடைய ஐடி கார்டு. அதோடு சேர்த்து ஒரு சிவப்பு அட்டை. ஃபேக்டரியில் பழுதான மெஷினில் தொங்கவிடுவார்களே... அதே அட்டை.

“மெஷினை வீட்டுக்கே கொண்டு வந்துட்டியா?” என்றேன்.

“நான்தாண்ணா மெஷினு” என்றாள்.

தேவகி, கும்மிடிப்பூண்டியில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஹெல்பராகச் சேர்ந்து ஏறி வந்தவள். போன வருஷம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். காயம் ஆறிவிட்டது, கழுத்து வலி மட்டும் தங்கிவிட்டது.

வலியைவிட மோசம், கூடவே வந்த கோபம். அவள் லைனில் வேலை செய்யும் மேரி என்ற பெண் ட்ரேயை இடம் மாற்றி வைத்தாள் என்பதற்காக, எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்துவிட்டாள். மேரி அழுதுவிட்டாள். மேனேஜர் ஒரு மாதம் தவணை கொடுத்தார் — மறுபடி கத்தினால் சூப்பர்வைசர் பதவி கிடையாது, ஸ்டோரில் போய் உட்கார வேண்டியதுதான்.

டாக்டர் அவளுக்குச் சொன்னது எனக்கும் புதிது. நாள்பட்ட வலியைச் சமாளிப்பதிலேயே மூளையின் உழைப்பு நிறையப் போய்விடுகிறதாம். கோபத்தை விழுங்க, திடீர் மாற்றத்துக்கு வளைந்துகொடுக்க, மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

தேவகி மேரியிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு அவளோடு ஓர் ஏற்பாடு. வலி ஏறினால் தேவகி சிவப்பு அட்டையை மாட்டிக்கொள்வாள். கழற்றும் வரை லைனில் முடிவெடுப்பது மேரி. மற்ற பெண்கள் சும்மா விடுவார்களா? “இன்னாக்கா, சர்வீசுக்கு வுட்டுக்கினியா?” என்று ஒரே கிண்டல்.

வெள்ளிக்கிழமை, தவணையின் கடைசி நாள். அவசர ஆர்டர் வந்தது. ஓடிக்கொண்டிருந்த சைஸை நிறுத்திவிட்டு வேறு சைஸ் போட வேண்டும். தேவகிக்குக் கழுத்து பற்றி எரிகிறது. மேனேஜர் நின்று பார்க்கிறார். அட்டையை மாட்டினால் லாயக்கில்லாதவள் என்பார். மாட்டாவிட்டால் நிச்சயம் கத்திவிடுவாள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மாட்டிக்கொண்டாள்.

மேரி லைனை மாற்றி ஓடவிட்டதும் மேனேஜர் தேவகியைக் கூப்பிட்டு, ஏன் ஒதுங்கி நின்றாய் என்று கேட்டார்.

“நான் லைன்ல நின்னுருந்தா கத்திக்கினே இருந்திருப்பேன் சார். வேலை கெட்டுருக்கும். இப்ப பாருங்க, லைனு ஓடுது.”

அவர் லைனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, திங்கட்கிழமையும் இதே லைனுக்கு வந்துவிடச் சொன்னார்.

வலியை மூடி மறைப்பவர்களைத்தான் நாம் தைரியசாலி என்கிறோம். என் தங்கை ஊரறியக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அதைச் சொல்லி நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.

வலி இன்னும் போகவில்லை. பதவியும் போகவில்லை.