நெர்மினின் பன்னிரண்டு வினாடி

1994இல், இத்தாலியின் பலேர்மோ நகரத்துக் கால்சாப் பகுதியில் நாகபூசணி வேலைக்குச் சேர்ந்த வீட்டில் ஒரேயொரு மூதாட்டிதான் இருந்தார். பெயர் நெர்மின், இஸ்தான்புல்லைச் சேர்ந்தவர். கப்பல் எஞ்சினியர் ஒருவரைக் கட்டிக்கொண்டு பலேர்மோவுக்கு வந்தவர். கணவர் இறந்து ஆறு வருடம். நாகபூசணியின் இத்தாலியம் அரைகுறை என்பதால் அவளோடு மெதுவாகவே பேசுவார்.

பிற்பகல்களில் துருக்கிச் சானல் பழைய படங்கள் போடும். ஒருநாள் நாகபூசணி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, திரையில் பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தி கையில் மதுக் கிளாஸோடு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

"அது நான்தான்" என்றார் நெர்மின்.

முப்பத்தெட்டுப் படங்களில் அவருக்கு ஒரே வேலைதான். கதாநாயகிக்குக் கறுத்த முடி இருக்கும். அவளுக்குக் கண் தெரியாது, அல்லது நெஞ்சில் நோய். எவ்வளவு அடித்தாலும் பொறுத்துக் காத்திருப்பாள். நெர்மின் அவளுடைய புருஷனை மயக்கி, கன்னத்தில் அறை வாங்கி, கடைசியில் சாவார்.

"கிளாஸில் இருந்தது தேநீர். நான் குடித்ததேயில்லை. ஆனால் சந்தையில் பெண்கள் என்மேல் துப்பினார்கள். அம்மா செத்தபோது அண்ணன் என்னை வாசலோடு மறித்துவிட்டான்."

யாழ்ப்பாணத் தியேட்டர்களில் பார்த்த தமிழ்ப் படங்களிலும் கிளப்பில் ஆடுகிறவள் குண்டுபட்டுத்தான் செத்தாள். அப்போது தானும் கைதட்டியது நாகபூசணிக்கு நினைவு வந்தது. மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

1996இல் இஸ்தான்புல்லிலிருந்து கடிதம் வந்தது. பழைய நடிகைகளைப் பற்றி ஒரு நிகழ்ச்சி, பேட்டி எடுக்க வருகிறோம் என்று. நெர்மின் கறுப்புச் சாயம் வாங்கிவந்தார். அவருடைய பிறவி முடி கறுப்புத்தான். குளியலறையில் நாகபூசணி பூசிவிட்டாள்.

"இந்தமுறை நான் யாரென்று சொல்லப்போகிறேன்" என்றார்.

வந்தவர்கள் முன் ஒன்றரை மணிநேரம் பேசினார். மொழி புரியாவிட்டாலும், எந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்கிறார் என்று நாகபூசணிக்குத் தெரிந்தது. பேசி முடிந்ததும் அவர்களில் ஒரு பெண் பையிலிருந்து பொன்னிற டோப்பா ஒன்றை எடுத்தாள். நெர்மின் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையில் போட்டுக்கொண்டார். ஒரு கிளாஸும் வேண்டுமென்றார்கள். நாகபூசணி தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். நெர்மின் சிரித்தார்.

நிகழ்ச்சியில் அவர் வந்தது பன்னிரண்டு வினாடி. ஒன்றரை மணிநேரப் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. கிளாஸ், சிரிப்பு, கீழே ஒரு வரி. என்ன எழுதியிருக்கிறது என்று நாகபூசணி கேட்டாள்.

"'குடும்பங்களைக் கெடுத்தவள், இன்று.'"

கிளாஸை நீட்டிய நாகபூசணியின் முகமும் அதில் தெரிந்தது. டிவியில் வந்துவிட்டோம் என்ற சந்தோசத்தில் அவள் நெர்மின் பதிவுசெய்து வைத்திருந்த கசெட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கணவன் இராஜதுரையும் அவனுடைய சிநேகிதன் நகுலேஸ்வரனும் இருந்து பார்த்தார்கள்.

"உவள் ஆர்?" என்று கேட்டான் இராஜதுரை.

"என்ரை சின்யோரா." வீட்டுக்கார அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சாராயம் வாத்துக் குடுக்கிறதோ உனக்கு வேலை?"

"ஐயோ, அது தேத்தண்ணியப்பா!"

நகுலேஸ்வரன் சிரித்தான். "பாக்கிற ஆக்களுக்குத் தேத்தண்ணி மாதிரித் தெரியேல்லையே, தங்கச்சி."

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் பூசையில் பக்கத்தில் இருந்த நகுலேஸ்வரனின் மனைவி ரதி மெல்லக் கேட்டாள்: "அந்த வீட்டுக்கு ஆம்பிளையளும் வந்து போறவையாமே?" நாகபூசணி பதில் சொல்ல வாயெடுக்க முன்னமே ரதி எழும்பித் தள்ளிப்போய் இருந்துவிட்டாள்.

"நாளையிலயிருந்து அங்கை போகேலாது" என்றான் இராஜதுரை. அவள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவன் மாறவில்லை.

சொல்லிவிட்டு வரக் கடைசியாக ஒருமுறை போனாள். நெர்மின் எல்லாவற்றையும் கேட்டார். இரு என்று சொல்லவில்லை.

"உன் புருஷனும் படம்தான் பார்த்திருக்கிறான்" என்றார். "கதவைச் சாத்திவிட்டுப் போ."

அதன்பிறகு நாகபூசணி நகரத்துக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மாந்தரீன் தோடம்பழம் ஆய்ந்தாள். கணவனே கொண்டுபோய் விட்டான், கணவனே வந்து கூட்டிப்போனான்.

1998 மாசியில், நெர்மின் செத்து மூன்று நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள் என்று கேள்விப்பட்டாள்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."

"ஆர் உன்னைக் கேட்டது?" என்றான் இராஜதுரை.

அடக்கம் நடந்த காலையில் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நாகபூசணி பழம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கூடையோடு அடுத்த மரத்தடிக்குப் போனாள்.