மூர்த்திக்குக் கூட்டிய இரண்டு வயது

என் அம்மா வெள்ளையம்மா ஒரு பயந்தாங்கொள்ளி. பெற்றவளை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். ஜொகூரில் உலு திராம் பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இடிக்குப் பயம், புலிக்குப் பயம், கங்காணி இருமினால்கூடப் பயம். எஸ்டேட்டை நடத்தும் வெள்ளைக்காரத் தொரையின் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், கையில் இருக்கிற பிள்ளையோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள்.

அவளுக்கு ஆயாக்கொட்டகையில் வேலை. பால்மரம் வெட்டப் போகிற பெண்கள் விடியும் முன்னே பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். தொட்டிலாட்டி, கஞ்சி ஊட்டி, மூக்கைத் துடைத்து, மத்தியானம் அவரவர் பிள்ளையை அவரவரிடம் ஒப்படைப்பாள். லயத்து வரிசை வீடுகளில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. ஆயா சொல்வதுதான் வயது.

வேலைக்காரர்களின் பெயர் எழுதும் புத்தகத்தைச் செக்ரோல் என்போம். பத்து வயதானால்தான் பிள்ளையின் பெயர் அதில் ஏறும். ஏறினால் வீட்டுக்கு ஒரு கைச் சம்பளம் கூடும். அதனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு வயது கூட்டிச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதை யாரும் பொய் என்றே நினைத்ததில்லை.

பக்கத்து வீட்டு அய்யாவு, அவன் மனைவி கிருஷ்ணம்மா இருவரும் 1928இல் தங்கள் எட்டு வயது மகனுக்காக அப்படித்தான் வந்து கேட்டார்கள். "அக்கா, நம்ம மூர்த்திக்குப் பத்துன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அம்மா ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கனகராஜின் மேசை முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்தபடி "பத்துங்க" என்றாள். அவரும் எழுதிக்கொண்டார். மூர்த்தி காலையில் புல்வெட்டுக்கும் மத்தியானம் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கும் போனான்.

இரண்டு வருடத்தில் ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கூட்டங்கூட்டமாகச் சொந்த ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். எதிர் லயத்தில் பாதி வீடு காலி. "ரப்பரை நம்பினா நமக்கும் கப்பல்தான். இவனாவது படிச்சுக் கிராணியாகட்டும்" என்று அய்யாவு முடிவு செய்தான். அவன் தம்பி சின்னத்தம்பி ஜொகூர் பாருவில் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரன். பையனைத் தன்னோடு வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டான்.

அதன் பிறகு இரண்டு வீடும் ஒரே அமளி. அய்யாவு எங்கிருந்தோ பையன் காலுக்குச் சப்பாத்து வாங்கி வந்தான். கிருஷ்ணம்மா சட்டை தைத்தாள். படிப்புக்கு வேண்டியதைப் பெற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்பதை அம்மா சொல்லிக்கொடுத்தாள். "மோட்டாரு வந்தா ஓரமா நில்லுய்யா. கடல்கிட்ட போயிடாதே. தெரியாதவன் மிட்டாய் குடுத்தா கைய நீட்டாதே." மூர்த்தி எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்றான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

அப்போதுதான் சின்னத்தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. பத்து வயதைத் தாண்டியவனைச் சேர்க்க மாட்டார்களாம். வயதுக்குத் தொரையின் கையெழுத்தோடு கடிதம் வேண்டுமாம். கனகராஜ் செக்ரோலைப் புரட்டினார். மூர்த்திக்குப் பன்னிரண்டு.

"நானா மாத்தி எழுத முடியாது. அன்னைக்குச் சொன்ன ஆயா தொரைகிட்ட வந்து சொல்லணும்" என்றார்.

கிருஷ்ணம்மா அழுதுகொண்டு ஓடி வந்தாள். அவள் போனதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொய் சொன்னேன்னு தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுடுவாரு, சந்திரா. கப்பலேத்திட்டா உன்னை எங்கே கொண்டு போவேன்? அங்கே நமக்கு யாரு இருக்கா?" அப்பா இந்த எஸ்டேட் மண்ணில்தான் புதைந்து கிடந்தார். எனக்குப் பதினான்கு வயது. போகாதே என்று நானும் அழுதேன்.

இரண்டு நாள் அவள் ஆபீஸ் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை ஆள் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் கலைந்ததும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். "அந்தப் பய சப்பாத்தைக் கழட்டவே மாட்டேங்கிறான்டி. வா, போலாம்" என்றாள்.

ஆபீசில் அய்யாவு மூர்த்தியின் தோளைப் பிடித்தபடி நின்றான். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கனகராஜ் விஷயத்தைச் சொன்னதும் தொரையின் முகம் சிவந்தது. அவருக்குத் தமிழ் தெரியும். அதட்டுவதற்கு வேண்டிய தமிழ்.

"யார் பொய் சொன்னது?"

அம்மா தரையைப் பார்த்தபடி நின்றாள். அவள் சேலைக் கரை ஆடுவது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. தொரை அய்யாவு பக்கம் திரும்பினார். "நீ சொல்லச் சொன்னியா?"

அய்யாவு மூர்த்தியின் தோளிலிருந்து கையை எடுத்தான். "இல்லீங்க தொரே. நான் எட்டுன்னுதான் சொன்னேன். ஆயாதான் பத்துன்னு சொல்லிடுச்சு."

மூர்த்தி தலையை நிமிர்த்தி அப்பனைப் பார்த்தான். அதைக் கண்ட தொரை நாற்காலியை விட்டு எழுந்து மூர்த்தியிடம் குனிந்தார். அவர் வாயெடுப்பதற்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"ஆமாங்க தொரே. நானாத்தான் சொன்னேன். பையனுக்கு இப்பத்தான் பத்து நடக்குது."

கடிதம் கையெழுத்தானது. அம்மாவைக் கப்பலேற்றவில்லை. ஆயா வேலை போயிற்று. மறுநாள் முதல் புல்வெட்டு. வெளியே வந்ததும் அம்மா கால்வாய் ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே திட்டினேன்.

"அந்த ஆளு வாய் கூசாமப் பொய் சொல்றான், நீயும் ஆமான்னுட்டே! ஏம்மா?"

"தொரை அடுத்து யாருகிட்ட குனிஞ்சாருன்னு பாத்தியா? பிள்ளையைக் கேக்கப் போனாரு. அவன் என்னடி சொல்லுவான்? நெசத்தைச் சொன்னா அப்பன் வேலை போயிடும். பொய்யைச் சொன்னா சாகுற மட்டும் நெஞ்சுக்குள்ள கிடக்கும். எனக்குத் தாங்கலை." வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரட்டில் அம்மா புல்வெட்டு வரிசையில் மண்வெட்டியோடு நின்றாள். அய்யாவு அவளைக் கண்டு கூட்டத்துக்குள் ஒளியப் பார்த்தான். நானாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அம்மா அவனைத் தேடிப் போனாள்.

"அய்யாவு, மூர்த்தி தூக்கத்துல எந்திரிச்சு நடப்பான். உனக்குத் தெரியாது, கொட்டகையில நான் பாத்திருக்கேன். கதவுக்குத் தாப்பா போட்டுப் படுக்கச் சொல்லிச் சின்னத்தம்பிக்கு எழுதிப் போடு. மறந்துடாதே."